டெபியனில் அப்லோட் உரிமை: எங்கே சிக்கியிருக்கிறது என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒன்றிரண்டு பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களை, பார்த்துக்கொள்கிறீர்கள். மூல மென்பொருளில் புது வெளியீடு வரும்போதெல்லாம் வேலையை முடித்துவிட்டு, கையொப்பம் போட்டு ஏற்றித்தர ஒரு ஸ்பான்சருக்காகக் காத்திருக்கிறீர்கள். சரி, நாமே ஏற்றிக்கொள்ளும் உரிமையைக் கேட்டுவிடலாம் என்று இறங்கினால் விண்ணப்பம் எங்கோ நின்றுவிடுகிறது, அல்லது எல்லாம் முடிந்த பிறகும் அப்லோட் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். டெபியனில் ஏற்றும் உரிமை இரண்டு படிகளில் இருக்கிறது. ஏற்றும் உரிமையுள்ள டெபியன் டெவலப்பர், சுருக்கமாக டிடி, களஞ்சியத்தில் உள்ள எந்தப் பேக்கேஜையும் ஏற்றலாம். டெபியன் மெயின்டெய்னர், அதாவது டிஎம், பெயர் சொல்லி அனுமதி தரப்பட்ட பேக்கேஜ்களை மட்டும் ஏற்றலாம். இந்த டிஎம் படி 2007இல் பொது வாக்கெடுப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு டிஎம் ஏற்றுவது உள்ளே போக, கையொப்பமிடப் பயன்படும் அவருடைய ஜிபிஜி சாவி, டெபியன் நம்பும் சாவிகளின் தொகுப்பான சாவிக்கொத்தில் இருக்க வேண்டும், அந்தச் சாவியை அடையாளம் காட்டும் ஃபிங்கர்பிரின்ட் எண்ணுக்கு எதிரே அந்தப் பேக்கேஜின் பெயர் பதிவாகியிருக்க வேண்டும், ஏற்றும் கோப்புகளும் களஞ்சிய விதிகளுக்குப் பொருந்த வேண்டும். முதல் இரண்டும் நடக்க, உங்கள் வேலையை நேரில் பார்த்துப் பழகிய ஒரு டிடி தேவை. கருவிகளில் வரும் கோளாறை ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். மாதக்கணக்கில் நிற்பவை பெரும்பாலும் இந்த டிடி இல்லாததால் நிற்பவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பான்சர் வேண்டி கோரிக்கை போட்டேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை

ஸ்பான்சர் தேடுபவர்களுக்கான மென்டர்ஸ் தளத்தில் பேக்கேஜை ஏற்றி, பிழைப்பதிவு முறையில் ஆர்எஃப்எஸ், அதாவது ஸ்பான்சர் கோரிக்கை, போட்டுவிட்டீர்கள். வாரங்கள் போகின்றன. முதலில் அந்தப் பதிவைத் திறந்து அதில் மோர்இன்ஃபோ என்ற அடையாளம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் பார்த்து, நாலு குறை சொல்லி, அந்த அடையாளத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். நீங்களும் குறைகளைச் சரிசெய்து புதிதாக ஏற்றியிருப்பீர்கள். ஆனால் அடையாளத்தை நீக்கியிருக்க மாட்டீர்கள். அது இருக்கும்வரை மற்ற ஸ்பான்சர்கள் 'பதில் வரவேண்டியது விண்ணப்பித்தவரிடமிருந்து' என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவார்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு பதில் எழுதி, பிழைப்பதிவின் கட்டுப்பாட்டு முகவரிக்கு அடையாளத்தை நீக்கும்படி ஒரு மெயில் அனுப்புங்கள்.

அடையாளம் எதுவும் இல்லை என்றால், நீங்கள் கொண்டுவந்த பேக்கேஜ் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். முற்றிலும் புதிய, டெபியனில் இதுவரை யாரும் கேட்காத ஒரு மென்பொருளை முதல்முறை வருபவர் கொண்டுவந்தால் ஸ்பான்சர் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது. நீங்கள் நடுவில் விட்டுப்போனால் அது அவர் தலையில் விழும். ஏற்கெனவே டெபியனில் இருக்கும், பராமரிப்பவர் கைவிட்ட பேக்கேஜை எடுத்துக்கொள்வது இதைவிடப் பலமடங்கு எளிது. உங்கள் கணினியில் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் தொகுப்பை நிறுவி அதில் உள்ள டபிள்யூஎன்பிபி-அலர்ட் கட்டளையை ஓட்டினால், நீங்கள் தினமும் பயன்படுத்துகிற மென்பொருள்களில் எவை அனாதையாகக் கிடக்கின்றன, எவை உதவி கேட்கின்றன என்று பட்டியலே வந்துவிடும். ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற பேக்கேஜும் இதே வேலையைச் செய்யும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றை எடுங்கள், அது உடைந்தால் முதலில் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு வழி குழுக்கள். பைத்தான், பெர்ல், ரூபி, கோ, ஜாவாஸ்கிரிப்ட் என்று மொழிவாரியாக டெபியனில் குழுக்கள் இருக்கின்றன. நம் பக்கத்திலிருந்து உள்ளே போன பலர் ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் குழுக்கள் வழியாகத்தான் போனார்கள். குழுவுக்குள் இருக்கும் டிடிக்கு உங்கள் பேக்கேஜின் அமைப்பு ஏற்கெனவே பழக்கம். அவர் பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் போதும், வெளியாளுக்கு அரை நாள் ஆகும். பொதுவான ஆர்எஃப்எஸ் கடைசி வழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன், புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் பிரிவின் சூழலில் எஸ்பில்ட் என்ற கட்டும் கருவி மூலம் சுத்தமாகக் கட்டிப் பாருங்கள், பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் சொல்வதைச் சரிசெய்யுங்கள், முந்தைய பதிப்புக்கும் இதற்குமான வேறுபாட்டைச் சின்னதாக வைத்திருங்கள். புது வெளியீட்டோடு சேர்த்து டெபியன் கோப்புறை முழுவதையும் உங்கள் ரசனைக்கு மாற்றி எழுதினால், பார்ப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடுவார்.

ஸ்பான்சர் இருக்கிறார், ஆனால் பரிந்துரை கேட்டால் 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்' என்கிறார்

இங்கேதான் பலர் மனம் உடைந்து போகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிஎம் ஆவதற்கு ஒரு டிடி உங்களுக்காகக் கையொப்பமிட்டுப் பரிந்துரை எழுத வேண்டும். 'இவருடைய வேலையை நான் பார்த்திருக்கிறேன், இவரைத் தனியாக ஏற்றவிடலாம்' என்று அவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். இத்தனை முறை ஸ்பான்சர் செய்திருந்தால் தரவேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் கிடையாது, அது அவருடைய தீர்ப்பு.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கோபம் வராது. டெபியனில் ஒருவர் ஏற்றுவது அதைச் சார்ந்த உபுண்டு போன்றவற்றுக்கும் சேர்த்து, எத்தனையோ கணினிகளில் ரூட் அதிகாரத்தோடு ஓடப்போகிறது. 2006இல் மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு எச்சரிக்கைச் செய்தியைத் தவிர்ப்பதற்காக நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு சின்ன மாற்றம், உருவாகும் சாவிகளை ஊகிக்கக்கூடியவையாக ஆக்கிவிட்டது. அது வெளியே தெரிந்தது 2008 மே மாதம். அதற்குள் அந்தப் பேக்கேஜை வைத்து உருவான, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் சாவிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரம். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் ஆகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டியதால் மட்டுமே மார்ச் 29 அன்று அது அம்பலமானது. அதற்குள் டெபியனின் அன்ஸ்டேபிளிலும், அடுத்த வெளியீட்டுக்கான டெஸ்டிங்கிலும் நுழைந்திருந்தது, பொதுப் பயனர்களுக்கான ஸ்டேபிளுக்கு வரவில்லை. நமக்கு முக்கியமானது இது: அதற்குச் சில நாட்களுக்கு முன், அந்த 5.6.1 பதிப்பை டெபியனில் ஏற்றித்தரச் சொல்லி, அதுவரை யாரும் அறியாத ஒரு பெயரில் ஸ்பான்சர் கோரிக்கை ஒன்று வந்திருந்தது. நாம் போடுவதும் அதே மாதிரிக் கோரிக்கைதான், அதே வாசல்தான். உங்களை நேர்மையற்றவர் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் நேர்மையானவரையும் அப்படி இல்லாதவரையும் பிரித்தறிய அந்த டிடிக்கு உங்கள் வேலையைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை.

ஆகவே 'எப்போது தருவீர்கள்' என்று கேட்காதீர்கள். 'எந்த விஷயத்தில் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, எந்த பேக்கேஜில் எதைப் பார்த்தீர்கள்' என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லாத டிடி அபூர்வம். வரும் பதில்கள் பெரும்பாலும் சில வகைதான். காப்பிரைட் கோப்பில் மூன்றாம் தரப்புக் கோப்புகளின் உரிமம் விட்டுப்போகிறது. வந்த பிழைப்பதிவுகளுக்குப் பதிலே போடுவதில்லை. நிரல் நூலகத்தின் ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் அதை அழைக்கும் முறை, மாறியபோது அதைச் சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களைக் கட்டிப் பார்க்காமல் கொண்டுவந்தார். ஸ்டேபிள் வெளியீட்டுக்கு முன்னால், பெரிய மாற்றங்களை நிறுத்திவைக்கும் உறைநிலைக் காலத்தில் பெரிய புது வெளியீட்டைச் சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டலுக்கு அனுப்பாமல் அன்ஸ்டேபிளுக்கே ஏற்றச் சொன்னார். இந்தக் கடைசி வகைக்கு நான் அதிக எடை கொடுப்பேன். கட்டத் தெரிந்தவர்கள் நிறைய, எப்போது ஏற்றக்கூடாது என்று தெரிந்தவர்கள் குறைவு. ஸ்பான்சர் இல்லாமல் தனியாக ஏற்றும்போது அந்த முடிவு முழுக்க உங்கள் கையில்தானே.

இன்னொன்று, ஒரே ஸ்பான்சரிடம் திரும்பத் திரும்பப் போங்கள். ஐந்து அப்லோடுக்கு ஐந்து வெவ்வேறு டிடி கையொப்பமிட்டிருந்தால் ஐவரில் எவருக்கும் உங்களைப் பற்றிச் சொல்ல ஒரு வரிக்கு மேல் இருக்காது. ஒருவரே தொடர்ந்து பார்த்து வந்தால், கடைசி சில முறை மாற்றச் சொல்ல எதுவுமே இல்லாமல் கையொப்பம் மட்டும் போட்டிருந்தால், அவருக்கே 'இதற்கு நான் எதற்கு நடுவில்' என்று தோன்றும். பல பரிந்துரைகள் கேட்காமலே வருவது இப்படித்தான்.

கேட்கும்போது எழுதவேண்டியது சுருக்கமாக இருக்கட்டும்: 'இந்த இரண்டு பேக்கேஜ்களை இன்ன காலத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன், திறந்திருந்த பிழைகளில் இவற்றை முடித்தேன், இந்த ஒன்று மூல ஆசிரியரிடம் நிற்கிறது, இவ்விரண்டுக்கு மட்டும் டிஎம் உரிமை வேண்டும், இதில் உங்களுக்கு ஏதாவது தயக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்கிறேன்.' என்னென்ன மென்பொருள் தெரியும், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் தேவையில்லை. மாற்றங்களைப் பதியும் சேஞ்ச்லாக் கோப்பில் எல்லா இடத்திலும் ஒரே பெயரும் ஒரே மின்னஞ்சலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பழைய வேலையைத் தேடுபவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

விண்ணப்பம் என்எம் தளத்தில் நகராமல் நிற்கிறது

புதிய உறுப்பினர் விண்ணப்பங்களுக்கான என்எம் டாட் டெபியன் டாட் ஆர்க்கில், டெபியனின் நிரல் தளமான சல்சாவின் கணக்கு மூலம் உள்ளே போய், உங்கள் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் எந்தத் தேவை நிறைவேறவில்லை என்று அதுவே காட்டும். ஏன் டிஎம் ஆக விரும்புகிறீர்கள் என்ற அறிவிப்பு, சமூக ஒப்பந்தத்தையும் கட்டற்ற மென்பொருள் நெறிகளையும் இயந்திரப் பயன்பாட்டு விதிகளையும் ஏற்பதாக ஒரு வாக்குமூலம், பரிந்துரை, சாவிச் சோதனை ஆகியவைதான் தேவைகள். அறிவிப்பும் வாக்குமூலமும் ஜிபிஜி கையொப்பத்தோடு இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் விண்ணப்பத்தில் கொடுத்த அதே சாவியின் கையொப்பம். மெயில் மென்பொருள் வரிகளை மடித்துக் கையொப்பத்தைக் கெடுத்துவிடும். அதனால் டெர்மினலில் கையொப்பமிட்டு அப்படியே ஒட்டுங்கள்.

எல்லாம் பச்சை, ஆனாலும் நகரவில்லை என்றால் அது விண்ணப்பங்களைப் பார்க்கும் ஃப்ரன்ட் டெஸ்க் குழுவின் கையில் இருக்கிறது. தன்னார்வலர்கள், கொஞ்சம் பொறுங்கள். அதன் பிறகும் சாவிக்கொத்துக் குழு சேர்க்க வேண்டும், அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவில்தான் புதுப்பிக்கிறார்கள். 'ஒப்புதல் வந்துவிட்டது' என்ற மெயிலுக்கும் உண்மையில் ஏற்ற முடிவதற்கும் நடுவில் இந்த இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஏதோ கோளாறு என்று குழம்பாதீர்கள்.

சாவிச் சோதனை தோற்கிறது: டிடி கையொப்பம் இல்லையாம்

டிஎம் ஆக உங்கள் சாவியில் குறைந்தது ஒரு டிடியின் கையொப்பம், அதாவது இது உங்கள் சாவிதான் என்ற அவருடைய உறுதி, வேண்டும், டிடி ஆக இரண்டு. உண்மையிலேயே யாரும் போடவில்லை என்றால் டெபியன் விக்கியில் சாவிக் கையொப்பத்துக்கு முன்வருபவர்களின் பட்டியல் நாடுவாரியாக இருக்கிறது, அதில் தேடுங்கள். நிகழ்வுகள் இன்னும் நல்ல வழி: 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன்காரர்கள் கூடும் மினி டெப்கான்ஃப் நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெப்கான்ஃப் மாநாடே நடந்தது. இந்த மாதிரி நடக்கும்போது ஃபிங்கர்பிரின்டை அச்சடித்து, அடையாள அட்டையோடு போங்கள்.

ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு அறிகுறி. சந்தித்தாகிவிட்டது, அவர் கையொப்பமும் போட்டுவிட்டார், ஆனால் தளத்தில் தெரியவில்லை. பலர் காஃப் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது கையொப்பத்தை நேராகச் சாவிகளை வைத்திருக்கும் சர்வருக்கு அனுப்பாமல், மறையாக்கம் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பும். அதைத் திறந்து, உங்கள் சாவியில் இறக்கி, சர்வருக்கு அனுப்ப வேண்டியது நீங்கள்தான். அனுப்பும் சர்வரும் முக்கியம். கீஸ் டாட் ஓப்பன்பிஜிபி டாட் ஆர்க் மற்றவர்கள் போட்ட கையொப்பங்களைப் பொதுவாக வெளியே தருவதில்லை, அதனால் அங்கே போட்டுவிட்டுக் காத்திருந்தால் எப்போதும் தெரியாது. உபுண்டுவின் கீசர்வருக்கு அனுப்புங்கள். அங்கிருந்து இறக்கிச் சரிபார்க்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. 2019க்குப் பிந்தைய ஜிபிஜி பதிப்புகள் சர்வரிலிருந்து இறக்கும்போது பிறர் கையொப்பங்களைத் தாமாகவே விட்டுவிடும். ஆகவே உங்கள் திரையில் தெரியவில்லை என்பதற்காகச் சர்வரில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், அந்தச் சர்வரின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள்.

சாவி பழையது, 1024 பிட் என்றால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். டெபியன் அவ்வகைச் சாவிகளை 2015 தொடக்கத்தில் கொத்திலிருந்தே எடுத்துவிட்டது. புதிதாக 4096 பிட் ஆர்எஸ்ஏ அல்லது இடி25519 உருவாக்குங்கள். மறையாக்கத்துக்கான துணைச்சாவியும் அதில் இருக்கட்டும்.

ஏற்றும் கருவியான டிபுட் 'வெற்றி' என்றது, ஆனால் ஒரு மெயிலும் வரவில்லை

ஏற்கப்பட்டால் ஏற்பு மெயில், மறுக்கப்பட்டால் மறுப்பு மெயில் வரும். இரண்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் கையொப்பமிட்ட சாவியைக் களஞ்சியத்துக்கு அடையாளம் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் கோப்பை அனுப்பலாம் என்பதால், தெரியாத கையொப்பத்துக்கெல்லாம் பதில் மெயில் அனுப்பினால் அது குப்பை மெயில் ஆகிவிடும். அதனால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அப்லோடோடு போகும் சேஞ்சஸ் கோப்பை ஜிபிஜியின் வெரிஃபை கட்டளையால் சோதித்து, எந்த ஃபிங்கர்பிரின்ட் என்று பாருங்கள். கையொப்பமிடும் டெப்சைன் கருவி சேஞ்ச்லாகின் கடைசிப் பதிவில் உள்ள பெயரையும் மின்னஞ்சலையும் வைத்துச் சாவியைத் தேடும். அதே மின்னஞ்சலில் பழைய சாவியும் உங்களிடம் இருந்தால் தவறானதை எடுத்துவிடக்கூடும். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் அமைப்புக் கோப்பில் சாவியின் முழு ஃபிங்கர்பிரின்டை எழுதிவையுங்கள், இந்தத் தொல்லை போய்விடும். புதிதாகக் கையொப்பத் துணைச்சாவி உருவாக்கியிருந்தால் அது சாவிக்கொத்தில் இன்னும் ஏறியிருக்காது, விளைவு அதேதான்.

சாவி சரியாக இருந்தும் மெயில் இல்லை என்றால் எங்கே ஏற்றினீர்கள் என்று பாருங்கள். டிபுட்டில் இலக்கைச் சொல்லாமல் விட்டால் டெபியனின் முதன்மைச் சர்வருக்குத்தான் போகும், மென்டர்ஸுக்கு அல்ல. இன்னும் உரிமை கிடைக்காதவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: மென்டர்ஸில் காணோமே என்று தேடுவார்கள், கோப்பு முதன்மைச் சர்வருக்குப் போய்க் காணாமல் போயிருக்கும். மறுபடி ஏற்ற முயன்றால் 'ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது' என்று டிபுட் மறுக்கும். பேக்கேஜ் கோப்புகளின் பக்கத்தில் அது எழுதிவைத்த, அப்லோட் என்று முடியும் கோப்பை அழித்துவிட்டு, இந்த முறை இலக்கைச் சொல்லி ஓட்டுங்கள். பாதியில் இணைப்பு அறுந்திருந்தால் சர்வரில் அரைகுறைக் கோப்பு கிடந்து, 553 என்ற எண்ணோடு புதியதைத் தடுக்கும். சர்வருக்குக் கட்டளை அனுப்பும் டிகட் கருவி மூலம் அதை நீக்கலாம், அல்லது அது தானாகத் துப்புரவாகும்வரை விடலாம்.

மறுப்பு மெயில்: இந்தப் பேக்கேஜை ஏற்ற அனுமதி இல்லை

இது நல்ல செய்தி. சாவியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், பட்டியலில் பேக்கேஜ் பெயர் மட்டும்தான் இல்லை. டிஎம் ஆனதும் எல்லாப் பேக்கேஜுக்கும் உரிமை வந்துவிடும் என்று நினைப்பதாலும், சல்சாவில் குழுவின் களஞ்சியத்தில் கமிட் உரிமை இருப்பதே போதும் என்று நினைப்பதாலும் வருவது. சல்சா உரிமைக்கும் ஏற்றும் உரிமைக்கும் தொடர்பே இல்லை.

ஒரு டிடி, டிகட் கருவியின் டிஎம் கட்டளையால் உங்கள் ஃபிங்கர்பிரின்டையும் பேக்கேஜ் பெயரையும் சொல்லி அனுமதி தர வேண்டும். கொடுக்க வேண்டியது மூலப் பேக்கேஜின் பெயர். ஒரே மூலத்திலிருந்து பல பைனரிகள், அதாவது நிறுவும் பேக்கேஜ்கள், வரும்போது பைனரியின் பெயரைச் சொல்லிவிட்டு இருவரும் தலையைச் சொறிவதுண்டு. அனுமதி விழுந்ததா என்று, களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் எஃப்டிபி-மாஸ்டர் குழுவின் தளத்தில் டிஎம் டாட் டெக்ஸ்ட் கோப்பில் எவரும் பார்க்கலாம்.

டிடி கட்டளையை ஓட்டும்போது 'இப்படி ஒரு சாவி இல்லை' என்று அவருடைய கணினியே மறுத்தால், அவரிடம் உள்ள டெபியன்-கீரிங் பேக்கேஜ் பழையது, உங்கள் சாவி அதில் இன்னும் வரவில்லை. புதிய சாவிக்கொத்தை ஆர்சிங்க் மூலம் கீரிங் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கன்ட்ரோல் கோப்பில் டிஎம்-அப்லோட்-அலவ்ட் என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2012இல் முறை மாறிவிட்டது, இப்போது அந்த வரிக்கு எந்தப் பலனும் இல்லை.

மறுப்பு மெயில்: நியூ அனுமதி இல்லை

அனுமதி பெற்ற பேக்கேஜ்தான், ஆனாலும் மறுக்கிறது. இந்த வெளியீட்டில் புதிய பைனரி பெயர் ஏதாவது சேர்ந்ததா? ஆவணத்துக்காக ஒரு தனி பேக்கேஜ் பிரித்தீர்களா, நூலகத்தின் எஸ்ஓ எனும் பொருத்த எண் மாறியதால் பேக்கேஜ் பெயர் மாறியதா? களஞ்சியம் இதுவரை அறியாத பெயர் எதுவும் நியூ வரிசைக்குப் போய் எஃப்டிபி-மாஸ்டர் குழுவின் பார்வைக்கு வர வேண்டும், டிஎம்மால் அங்கே அனுப்ப முடியாது. இதைச் சரிசெய்யவும் முடியாது, விதி அப்படி. ஸ்பான்சரிடம் போங்கள். உள்ளே ஏற்கப்பட்டதும் அடுத்த வெளியீட்டிலிருந்து நீங்களே ஏற்றலாம்.

நேற்றுவரை ஏற்ற முடிந்தது, இப்போது முடியவில்லை

காலாவதி. பத்தில் எட்டு இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கணினியில் சாவியின் ஆயுளை நீட்டினால் மட்டும் போதாது, கீரிங் டாட் டெபியன் டாட் ஆர்க்குக்கு அனுப்ப வேண்டும். அங்கே அனுப்பினாலும் மேலே சொன்ன மாதாந்திரப் புதுப்பிப்பு வரும்வரை பழைய தேதிதான் செல்லுபடியாகும். ஆகவே காலாவதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் நீட்டி அனுப்பிவிடுங்கள், நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால் இப்போதே நீட்டி அனுப்பிவிட்டு, அவசரமான திருத்தத்தை ஸ்பான்சர் மூலம் ஏற்றுங்கள். அந்தச் சர்வர் கொத்தில் ஏற்கெனவே இருக்கும் சாவிகளின் மாற்றங்களை மட்டுமே வாங்கும், புதிய சாவியை அங்கே அனுப்பிப் பயனில்லை.

சாவியையே மாற்றியிருந்தால் வேறு கதை. அனுமதி ஃபிங்கர்பிரின்டின் மீது நிற்கிறது, உங்கள் பெயர் மீது அல்ல. புதிய சாவி கொத்தில் ஏறியதும் டிஎம் டாட் டெக்ஸ்டில் புதிய ஃபிங்கர்பிரின்டுக்கு எதிரே உங்கள் பேக்கேஜ்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் டிடியிடம் மறுபடி கேளுங்கள்.

ஏற்கப்பட்டது, ஆனால் டெஸ்டிங்குக்கு நகரவில்லை

உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் புதிதாக உரிமை பெற்றவர்கள் தங்கள் மீது ஏதோ தடை இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். 2019 ஜூலையில் பஸ்டர் என்ற டெபியன் பதிப்பு வெளியான கையோடு வெளியீட்டுக் குழு அறிவித்தது: பராமரிப்பவர் தன் கணினியில் கட்டிய பைனரிகள் டெஸ்டிங்குக்குப் போகாது, டெபியனின் சொந்தக் கட்டும் இயந்திரங்களில் கட்டியவைதான் போகும். நியூ வரிசைக்குப் போகும் அப்லோடில் பைனரியும் சேர்ந்தே போகிறது, அதனால் அது ஏற்கப்பட்ட பிறகும் பேக்கேஜின் டிராக்கர் பக்கத்தில், பில்ட்டி எனும் அந்தக் கட்டும் இயந்திரங்களில் கட்டப்படவில்லை என்று காட்டிக்கொண்டே நிற்கும். சேஞ்ச்லாகில் ஒரு பதிவு சேர்த்து, பதிப்பை ஒன்று கூட்டி, மூலத்தை மட்டும் ஏற்றுங்கள். அனுமதி வாங்கிய டிஎம் இதைத் தாராளமாகத் தானே செய்யலாம், பலருடைய முதல் சொந்த அப்லோட் இதுவாகத்தான் இருக்கிறது.

உரிமை இருக்கிறது, பார்க்க நேரமில்லை

வேலை மாறியது, குழந்தை பிறந்தது, ஆர்வம் வேறு பக்கம் போனது, எதுவாகவும் இருக்கட்டும். பேக்கேஜ் தேங்கிக் கிடக்கிறது, பிழைப்பதிவுகள் குவிகின்றன, உங்கள் பெயர் இருப்பதால் வேறு யாரும் தொடத் தயங்குகிறார்கள். உதவி மட்டும் போதுமென்றால் ஆர்எஃப்ஹெச், வேறொருவருக்குக் கொடுக்க விரும்பினால் ஆர்எஃப்ஏ, முழுக்க விடுவதானால் ஓ என்ற வகையில், டபிள்யூஎன்பிபி எனும், கவனிப்பு தேவைப்படும் பேக்கேஜ்களின் பட்டியலில் ஒரு பதிவு போடுங்கள். அனுமதி கொடுத்த டிடியிடம் சொன்னால் அதே டிகட் கட்டளையால் அந்தப் பேக்கேஜுக்கான அனுமதியை எடுத்துவிடுவார். பயன்படுத்தாத சாவி கொத்தில் கிடப்பது யாருக்கும் நல்லதல்ல, அதனால் திரும்பி வரும் எண்ணம் இல்லையென்றால் சாவிக்கொத்துக் குழுவுக்கும் எழுதி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.